கூடி எண்ணுதல்

ஒரு மேனிலைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பை மனக்கண்முன் கொண்டுவரலாம். நான்கு வாரங்களில் மின்னணுச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கித் தரவேண்டும் என்று ஆசிரியர் அறிவிக்கிறார். மாணவர்கள் அறுவர் அறுவராகப் பிரிந்து அமர்கின்றனர். ஒரு குழுவில் இரண்டு நிமிடங்கூடக் கடக்கவில்லை. நன்றாகப் பேசும் மாணவர் ஒருவர், "நம் பள்ளிக்கு ஒரு செயலி செய்துவிடலாம்" என்கிறார். மற்றொருவர் "சரி" என்கிறார். மூன்றாமவர் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்கிறார். செயலி யாருக்கு, எதற்கு என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்பே அதன் முகப்பின் நிறம் முடிவாகிவிடுகிறது. சாளரத்தின் அருகே அமர்ந்திருக்கும் மாணவி ஏதோ சொல்ல வாயெடுத்து, பின் பேசாமல் இருந்துவிடுகிறார். அவர் சொல்ல வந்தது என்ன என்பதை அக்குழு அறியவேயில்லை.

இதை அம்மாணவர்களின் குறை என்று கொள்வதற்கில்லை. நிரல் எழுதவும், படங்களைத் தொகுக்கவும், வலைப்பக்கம் வடிவமைக்கவும் அவர்களுக்குக் கற்றுத் தரப்படுகிறது. எதை உருவாக்குவது என்று கூடி எண்ணும் முறை மட்டும் கற்றுத் தரப்படுவதில்லை. அறுவரை ஒரு மேசையைச் சுற்றி அமரவைத்துவிட்டால் எண்ணங்கள் தாமாகவே பிறக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்நம்பிக்கை எந்த அளவிற்கு உண்மை என்பது கடந்த நூற்றாண்டிலேயே ஆராயப்பட்டுள்ளது.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நினைத்தல் என்பது ஒன்று. கணக்கிடுதல் என்பது மற்றொன்று. புதிய எண்ணங்களைத் திரட்டும் கலையில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவை என்பது வியப்பிற்குரிய பொருத்தம்.

நான்கு விதிகள்

ஆங்கிலத்தில் பிரெய்ன்ஸ்டார்மிங் என வழங்கும் முறையைத் தமிழில் கருத்துத்திரட்டல் எனலாம். அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்பவர் 1939ஆம் ஆண்டளவில் தம் நிறுவன ஊழியர்களைக் கொண்டு இதனை நடத்தத் தொடங்கினார். 1953இல் அவர் வெளியிட்ட அப்ளைடு இமாஜினேஷன் என்னும் நூல் இம்முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றது.

அவர் வகுத்த விதிகள் நான்கு. கருத்துகளைத் திரட்டும் வேளையில் எவர் கருத்தையும் குறைகூறலாகாது. நடவாதது போலத் தோன்றும் கருத்தையும் வரவேற்க வேண்டும். கருத்துகளின் எண்ணிக்கை மிகுதல் வேண்டும். ஒருவர் கூறியதன்மேல் மற்றொருவர் கட்டி எழுப்பலாம். இரண்டை இணைத்து மூன்றாவதை ஆக்கலாம்.

இவற்றுள் முதல் விதியே மாணவர்க்குக் கடினமானது. நம் பள்ளிகளில் பட்டிமன்றத்திற்கும் சொற்போட்டிக்கும் நல்ல பயிற்சி அளிக்கப்படுகிறது. எதிரணியின் கூற்றில் ஓட்டை எங்கே என்று தேடுவதும், அதைச் சுவையாக எடுத்துக்காட்டிக் கைதட்டல் பெறுவதும் அங்குப் பாராட்டத்தக்க திறன்கள். அதே திறன் கருத்துத்திரட்டலில் நுழைந்தால் முளைக்கும் முன்பே விதை கருகிவிடும். "அதெல்லாம் நடக்காது", "இது ஏற்கெனவே இருக்கிறது", "இதற்கு யார் பணம் தருவார்?" என்னும் மூன்று தொடர்களையும் கேட்காத குழு அரிது. இவை பொய்யான கூற்றுகள் அல்ல. பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். ஆயினும் அவற்றைக் கூறவேண்டிய நேரம் அதுவன்று. சீர்தூக்கிப் பார்ப்பதற்குத் தனி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை முன்பே தெரிவித்துவிட்டால், குறை காண்பதில் வல்லவரும் அதுவரை பொறுத்திருப்பர்.

குறைகூறலைத் தவிர்க்கும் ஆசிரியர்கூடப் பாராட்டலில் தவறுவதுண்டு. ஒருவர் கருத்தைக் கேட்டதும் "மிக நன்று" என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்துப் பேசவிருப்பவர் தம் கருத்து அதற்கு ஈடாகுமா என்று தயங்குகிறார். பாராட்டும் ஒரு தீர்ப்பே. திரட்டும் வேளையில் ஆசிரியர் கூறத்தக்கது "அடுத்து?" என்னும் ஒரு சொல் மட்டுமே.

பேச்சில் தொலைபவை

ஆஸ்பர்னின் முறை புகழ் பெற்றபின், அது கூறப்படும் அளவிற்குப் பயன் தருகிறதா என்று உளவியலாளர்கள் சோதித்தனர். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களை இருவகையாகப் பிரித்தனர். ஒரு வகையினர் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து கருத்துகளைக் கூறினர். மற்றவர்கள் தனித்தனியே அமர்ந்து கூறினர். பின்னர், தனித்து எண்ணியோரில் நால்வர் நால்வரின் கருத்துகளைச் சேர்த்து, மீண்டும் வந்தவற்றை நீக்கி, குழுவினர் கருத்துகளோடு ஒப்பிட்டனர். தனித்து எண்ணிய நால்வரின் தொகுப்பு, கூடிப் பேசிய நால்வரின் தொகுப்பைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

கூடினால் பெருகவேண்டியது ஏன் குறைந்தது? 1987இல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் இதற்கான காரணங்களைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தனர். பிறர் பார்த்துக்கொள்வர் என்று சிலர் வாளாவிருப்பது ஒரு காரணமா? பிறர் என்ன நினைப்பாரோ என்னும் அச்சம் காரணமா? இவற்றுக்கும் பங்கு உண்டெனினும், பேசுவதற்காகக் காத்திருத்தலே பெருங்காரணம் என்று அவர்கள் கண்டறிந்தனர்.

சிறு கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். அறுவர் முப்பது நிமிடங்கள் பேசுகின்றனர். நேரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டாலும் ஒருவருக்குக் கிடைப்பவை ஐந்து நிமிடங்களே. எஞ்சிய இருபத்தைந்து நிமிடங்களும் அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கும்போது தம் கருத்தை மறவாமல் மனத்தில் வைத்திருக்கவும் வேண்டும். அதை வைத்திருக்கும்வரை புதிதாக ஒன்றை எண்ண இயலாது. தம் முறை வரும்போதோ பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டிருக்கும். வகுப்பறையில் நேரம் சமமாகவும் பகிரப்படுவதில்லை. பேச்சு வன்மை உடைய இருவர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, மற்ற நால்வரும் தலையசைப்பவர்களாகவே இருந்துவிடுகின்றனர். பதினாறு வயதில் உடன் பயில்வோரின் ஒரு சிரிப்பு எத்துணைக் கூர்மையானது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வுகளைக் காட்டி ஆஸ்பர்னின் முறையே தவறு என்று கூறுவோர் உளர். அது நேர்மையான முடிவன்று. குழுவாகத் திரட்டுவது, தனித்து எண்ணுவதற்குத் துணையாக மட்டுமே அமையவேண்டும் என்பதை ஆஸ்பர்னே தம் நூலில் வற்புறுத்தியுள்ளார். அவருடைய நான்கு விதிகளை மனனம் செய்த உலகம் இதனை மறந்துவிட்டது.

வினாவை அமைத்தல்

தனித்து எண்ணுவதாயினும் கூடி எண்ணுவதாயினும், எதைப் பற்றி எண்ணுவது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். "பயனுள்ள செயலி ஒன்றை உருவாக்குக" என்பது வினாவே அன்று. அது விடையைப் பாதி கூறிவிடுகிறது. செயலிதான் வேண்டும் என்று கட்டளையிடுகிறது. யாருக்குப் பயன் என்பதைக் கூறாமல் விடுகிறது. இத்தகைய பணியைப் பெற்ற மாணவர்கள் தாம் முன்பு கண்ட செயலிகளையே நினைவுகூர்வர். வருகைப் பதிவுச் செயலி, வினாடி வினாச் செயலி, பள்ளிச் செய்திச் செயலி என்று ஒவ்வோர் ஆண்டும் அதே மூன்று வந்துசேரும்.

மும்பையின் தாராவி, தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியோர் பெருமளவில் வாழும் பகுதி. 2010களில் அங்குள்ள பள்ளிச் சிறுமியர் சிலர், தாராவி டைரி என்னும் அமைப்பின் துணையோடு செயலிகளை உருவாக்கினர். அவற்றுள் ஒன்றன் பெயர் பானி. இந்தியில் நீர் என்று பொருள். பொதுக்குழாயடியில் குடத்தோடு வரிசையில் காத்திருப்பது அச்சிறுமியரின் அன்றாட வாழ்க்கை. வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு, முறை வரும்போது அறிவிப்பைப் பெறும் வழி ஒன்று இருந்தால் அந்த நேரத்தைப் படிப்பிற்குச் செலவிடலாமே என்னும் எண்ணமே அச்செயலி ஆயிற்று. பெண்களின் பாதுகாப்பிற்கென இன்னொரு செயலியையும் அவர்கள் உருவாக்கினர். கூகுள் நிறுவனத்தில் பிறந்து, பின்னர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு மாறிய ஆப் இன்வென்டர் என்னும் இலவசக் கருவியே அவர்கள் பயன்படுத்தியது. கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் அமைக்கும் அக்கருவி எவருக்கும் கிடைக்கக்கூடியது. குழாயடியில் நின்ற கால்கள் அவர்களுக்கே உரியவை. புதுமை பிறந்ததும் அங்கிருந்துதான்.

மின்னணுச் செயல்திட்டம் என்றாலே செயலி என்று கருதுவதும் பொருந்தாது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகத் தொடர்புகொண்டு, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் பெறும் மின்னூல்களாக ஆக்கினர். இதில் வியத்தகு நிரல் எதுவும் இல்லை. தொலைவில் வாழும் தமிழருக்கு நூல் கிட்டவில்லை என்னும் தேவையும், பணியைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்குமே இருந்தன. வட்டாரச் சொற்களின் ஒலித்தொகுப்பு, ஊர் ஏரிகளின் வரைபடம், முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்யும் காணொலி ஆகியனவும் செயல்திட்டங்களே.

ஆகவே ஆசிரியர் வினாவை இவ்வாறு மாற்றி அமைக்கலாம்: "உரிய செய்தி உரிய நேரத்தில் கிடைக்காமையால் இவ்வூரில் யார், எப்போது, எவ்வாறு இடர்ப்படுகின்றனர்?" இதில் கருவியின் பெயர் இல்லை, மனிதர் இருக்கின்றனர். இவ்வினாவை முதல் நாளே கொடுத்தனுப்புவது நன்று. அன்று மாலை வீட்டிலும், தெருவிலும், நியாயவிலைக் கடை வரிசையிலும், பேருந்து நிறுத்தத்திலும் மாணவர் கண்டு வருவதே மறுநாள் மேசைமேல் வைக்கும் மூலப்பொருள்.

எழுதிச் சுற்றுதல்

1960களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் ரோர்பாக் என்பவர் பேச்சின்றிக் கருத்துத் திரட்டும் முறையொன்றை அறிமுகப்படுத்தினார். அறுவர் அமர்வர். ஒவ்வொருவரும் தமக்குரிய தாளில் மூன்று கருத்துகளை ஐந்து நிமிடங்களில் எழுதுவர். பின் தாளை அருகில் இருப்பவரிடம் தருவர். தாளைப் பெற்றவர் அதில் உள்ளவற்றைப் படித்து, அவற்றின் கீழே மேலும் மூன்றை எழுதுவார். ஆறு சுற்றுகள் முடிந்தபின், முப்பது நிமிடங்களில், ஆறு தாள்களில் 108 கருத்துகள் சேர்ந்திருக்கும். எவரும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. எவர் குரலும் ஓங்கவில்லை.

தமிழ் மாணவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாகும் அந்தாதியை அவர்கள் இலக்கிய வகுப்பில் அறிந்துள்ளனர். இங்கும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். வேறுபாடு என்னவெனில், அந்தாதியைத் தொடுப்பவர் ஒரே புலவர். இதனைத் தொடுப்பவர் அறுவர்.

வகுப்பறையில் இதனைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது நன்று. நான்காம் சுற்றில் கைகள் தளரும்; அப்போது மூன்றுக்கு மாறாக இரண்டு கருத்துகள் போதும் என்று ஆசிரியர் கூறலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ பேச்சு வழக்கிலோ எழுதலாம். எழுத்துப்பிழைகளை அன்று திருத்தலாகாது. பெயரைக் குறிக்க வேண்டியதில்லை. குழுவிற்குத் தலைவரும் தேவையில்லை; நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

அந்த அரைமணி நேரம் திறன்பேசிகள் பைக்குள் இருத்தல் வேண்டும். இணையத்தில் தேடினால் நூறு செயல்திட்டங்கள் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நொடிப்பொழுதில் இருபது எண்ணங்களைப் பட்டியலிடும். அவை பயனற்றவை அல்ல. ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே கருவியிடம் ஒரே வினாவைக் கேட்டால், பெறும் விடைகளும் ஒத்தே இருக்கும். 2024இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதனைச் சிறுகதைகளைக் கொண்டு சோதித்தது. செயற்கை நுண்ணறிவிடம் கருப்பொருள் பெற்று எழுதிய கதைகள் தனித்தனியே நோக்கும்போது நன்றாக இருந்தன. ஒருசேர நோக்கும்போது ஒன்றையொன்று மிகவும் ஒத்திருந்தன. மாணவியின் வீட்டுத் திண்ணையில் என்ன நிகழ்கிறது என்பதை அக்கருவி அறியாது. எனவே முதலில் மனிதர் எண்ணியபின், எஞ்சிய இடத்தை நிரப்ப அதனை அழைக்கலாம்.

தொடக்கத்தில் கண்ட குழுவிற்கு இப்போது திரும்பலாம். அதே அறுவர், ஆனால் இம்முறை ஆறு தாள்கள். செயலி செய்யலாம் என்று முதலில் கூறிய மாணவர் தம் தாளில் இவ்வாறு எழுதுகிறார்: "தெருவின் மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் தொட்டியே கூவிச் சொல்லவேண்டும்." தாளைப் பெற்றவர் படித்துவிட்டு வாய்க்குள் சிரிக்கிறார், விதி நினைவுக்கு வரவே, "கூவும்போது எந்தத் தெருவென்றும் சொல்லவேண்டும்" என்று எழுதி நகர்த்துகிறார். தாள் சாளரத்தருகே இருக்கும் மாணவியிடம் வருகிறது. அவர் சற்று நேரம் எழுதாமல் இருக்கிறார். பிறகு எழுதுகிறார்: "மாத்திரை அட்டையும் பேசினால் நன்று. என் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. இரவில் உண்ணவேண்டியதைக் காலையில் உண்டுவிடுகிறார்."

முதல் நாள் அவர் சொல்ல வாயெடுத்ததும் இதுவே. அது வீட்டுச் செய்தி. செயல்திட்டம் என்னும் பெரிய சொல்லுக்குப் பொருந்தாது என்று எண்ணி அடக்கிக்கொண்டார். நடவாத கற்பனையாகிய கூவும் தொட்டி அவருக்கு வழி திறந்துவிட்டது. ஆஸ்பர்னின் இரண்டாம் விதியும் நான்காம் விதியும் இணைந்து செயற்படும் இடம் இது. கூவும் தொட்டியை எவரேனும் "அதெல்லாம் நடக்காது" என்று தடுத்திருந்தால் பேசும் அட்டை பிறந்திருக்காது.

அடுத்தவர் அதன்கீழ் எழுதுகிறார்: "திறன்பேசியில் அட்டையின் படத்தைத் தொட்டால் பேத்தியின் குரலே ஒலிக்கலாம்."

சீட்டுகளை அடுக்குதல்

நூறு கருத்துகள் சேர்ந்தபின் குழுவிற்கு மலைப்பு உண்டாகும். எங்கே தொடங்குவது? ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதாவுக்கும் இதே இடர் ஏற்பட்டது. நேபாள மலைச்சிற்றூர்களில் கள ஆய்வு செய்து திரட்டிய குறிப்புகள் அவரிடம் குவிந்திருந்தன. அவர் ஒவ்வொரு குறிப்பையும் தனிச்சீட்டில் எழுதிப் பரப்பினார். தமக்குள் உறவுடையனவாகத் தோன்றியவற்றை அருகருகே வைத்தார். திரள்கள் உருவான பின்னரே அவற்றுக்குத் தலைப்பிட்டார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் கே.ஜே. முறை என வழங்கும் இது, 1967இல் அவர் எழுதிய நூலின் வழியாகப் பரவியது.

இதில் கவனிக்கத்தக்கது வரிசைமுறை. கல்வி, மருத்துவம், போக்குவரத்து என்று முதலிலேயே தலைப்புகளை எழுதிவிட்டு, சீட்டுகளை அவற்றின் கீழ்த் திணிப்பது எளிது. ஆனால் அதனால் புதிதாக எதுவும் புலப்படாது. சீட்டுகளைத் தரையில் பரப்பி, பேசாமல் நகர்த்திப் பார்த்தால், மாத்திரை அட்டையும், வங்கிப் படிவமும், பேருந்தின் பெயர்ப்பலகையும் ஒரே திரளாவதை அக்குழு காணக்கூடும். அத்திரளின் பெயர் மருத்துவமும் அன்று, போக்குவரத்தும் அன்று. எழுத்தறியாதவர் எழுத்தை எதிர்கொள்ளும் இடங்கள் என்பதே அதன் பெயர். இத்தகைய தலைப்பை எந்தப் பட்டியலிலும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க இயலாது.

தேர்ந்தெடுத்தல்

குறை காண்பதில் வல்லவர்கள் காத்திருந்த நேரம் இப்போது வருகிறது. அவர்களின் திறன் இங்கு இன்றியமையாதது. இதனை அதே வகுப்பில் முடிக்காமல் மறுநாளுக்கு ஒத்திவைப்பது நன்று. ஒவ்வொருவரும் மூன்று சீட்டுகளில் புள்ளி வைத்துத் தம் விருப்பத்தைக் காட்டலாம். ஒருவர் வைத்ததைப் பார்த்து மற்றவர் வைக்காதிருக்க, எண்களை முதலில் தனித்தாளில் குறித்துக்கொண்டு, பின்னர் அனைவரும் ஒரே வேளையில் புள்ளி வைக்கவேண்டும்.

புள்ளி மிகுந்த சீட்டுகளை வினாக்கள் கொண்டு அலசவேண்டும். இதனால் பயன்பெறுபவரை இந்த வாரமே நேரில் சந்திக்க இயலுமா? இதற்குரிய தகவலை யார் தருவார்? தகவல் மாறும்போது யார் புதுப்பிப்பார்? மாணவர் செயல்திட்டங்கள் பெரும்பாலும் தோற்பது மூன்றாவது வினாவில்தான். பேருந்து நேரத்தைக் காட்டும் செயலியை எடுத்துக்கொள்ளலாம். அது எல்லாக் குழுக்களுக்கும் தோன்றும் நல்ல எண்ணம். நேர அட்டவணையைத் திரட்டி, அழகிய முகப்பு அமைத்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடலாம். இரண்டு மாதங்களில் பேருந்தின் நேரம் மாறும், செயலி மாறாது. அதன்பின் அதை நம்பி வந்தவர் நிறுத்தத்தில் நிற்பார். பேருந்து புறப்படும் ஊரிலிருந்து வரும் மாணவர் ஏறியவுடன் நண்பர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தச் சிக்கல் அன்றே தீரும். அதற்குச் செயல்திட்டமே வேண்டியதில்லை என்று கண்டறிவதும் கருத்துத்திரட்டலின் பயன்தான்.

பேசும் மாத்திரை அட்டையையும் அதே வினாக்களுக்கு உட்படுத்தவேண்டும். பயன்பெறுபவர் வீட்டிலேயே இருக்கிறார். தகவல் மருத்துவர் எழுதிய சீட்டில் உள்ளது. ஆயின் மருந்து மாறினால்? 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. அவற்றைக் கொண்டுவரும் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமோ கேட்டுச் சரிபார்த்த பின்னரே குரலைப் பதிவு செய்வது, மாத்திரை மாறும் நாளில் பதிவையும் மாற்றுவது என்று குழு விதி வகுத்துக்கொள்கிறது. இங்குத் தவறு நேர்ந்தால் குறைவது மதிப்பெண் அன்று, ஒருவரின் உடல்நலம். ஒருவரின் நோயும் மருந்தும் அவருக்கே உரிய செய்திகள் ஆதலால், படமும் குரலும் அத்திறன்பேசியிலேயே இருக்கவேண்டும். இணையத்தில் ஏற்றலாகாது என்பதும் முடிவாகிறது. படத்தைத் தொட்டால் ஒலி எழுப்பும் இந்த அளவிலான பணியை ஆப் இன்வென்டர் கொண்டு நான்கு வாரங்களுக்குள் செய்துவிடலாம்.

காகித மாதிரி

தேர்ந்தெடுத்தவுடன் கணினியைத் திறப்பது மாணவர் இயல்பு. அதற்கு முன் ஒருநாள் தாளிலேயே அச்செயலியை வரைந்து பார்க்கவேண்டும். திறன்பேசியின் அளவிற்கு வெட்டிய அட்டை ஒன்றில் திரையை வரைந்து, பொத்தான்கள் இருக்கும் இடத்தைக் குறித்து, பயன்படுத்துபவரின் கையில் கொடுக்கவேண்டும். அவர் ஒரு படத்தைத் தொட்டால், குழுவினருள் ஒருவர் குரல் கொடுக்கவேண்டும். இதனை எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்கு விளக்கலாகாது. அவர் எங்கே தயங்குகிறார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். மாதங்கள் செலவிட்டு எழுதிய நிரலை மாற்ற மனம் வராது. ஐந்து நிமிடங்களில் வரைந்த அட்டையைக் கிழித்தெறிவதில் எவருக்கும் வருத்தமில்லை.

அக்குழுவினர் அன்று மாலை அட்டையோடு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் அமர்கின்றனர். திரையில் காலை, இரவு என்று இரு சொற்களைப் பெரிய எழுத்தில் அழகாக எழுதியிருக்கின்றனர். பாட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இதுல எது காலையில, எது ராத்திரி, கண்ணு?" என்று பேத்தியிடம் கேட்கிறார். அறுவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். படிக்கத் தெரியாதவருக்காகச் செய்த செயலியில் படித்தால்தான் விளங்கும் இரு பொத்தான்கள்! கூவும் தொட்டியை எழுதிய மாணவர் அட்டையை வாங்கி, இரு சொற்களையும் அடித்துவிட்டு, ஒன்றில் சூரியனையும் மற்றொன்றில் பிறையையும் வரைகிறார்.